எங்கே ஓட்டப் போகிறாய்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். மகாவலிக்கு அந்தக் கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பும். படுக்கையில் கிடந்தபடியே அதன் ஜாதகம் எனக்குத் தெரிந்துவிடும். சைலன்சருக்குள் இருந்த தட்டைக் கழற்றி எறிந்திருக்கிறான். கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் போட்டிருக்கிறான், அதுவும் ஒரு சைஸ் கூடிப்போய்விட்டது. மூன்றாம் கியரில் எஞ்சின் அலற அலற இழுக்கிறான். பிறகு சத்தம் சட்டென்று அடங்கும். வளைவு வந்துவிட்டது. அந்த இரண்டு மூன்று வினாடி நான் மூச்சு விடுவதில்லை. மறுபடி சத்தம் எழும்பிய பிறகுதான் புரண்டு படுப்பேன். என் பட்டறையில் போர் பண்ணிய எஞ்சினாக இருக்குமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

கட்டுகஸ்தோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் அப்பா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவர். ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பெயாரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "இன்னும் ரெண்டு மாசம் போகும்" என்பார். போகும். அந்தக் காதுதான் எனக்குச் சொத்தாக வந்தது. அது ஞாயிற்றுக்கிழமையும் லீவு எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். பழைய ஹோண்டா 125 ஒன்றின் சிலிண்டர் ஹெட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். "மாமா, இத ஒரு அரை மில்லி ஸ்கிம் பண்ணித் தாங்க. கம்ப்ரஷன் கூடணும்" என்றான். தாளைப் பிரித்துப் பார்த்தேன். வால்வு இருக்கைகளை அவனே கையால் அரைத்திருக்கிறான். சுற்றிவர ஒரே அகலத்தில் சாம்பல் நிறக் கோடு, ஓரிடத்திலும் விடுபடவில்லை. என்னிடம் வேலை பழகிய இரண்டு பேருக்கு அது இன்றுவரை வரவில்லை. போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவினேன். வார்ப்பின் சொரசொரப்பையெல்லாம் எடுத்துவிட்டிருந்தான்.

"யார் பழக்கினது?"

"யாருமில்ல மாமா. போன்ல பாத்தேன்."

"எங்க ஓட்டப் போற?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் எனக்குத் தெரியும். திகனப் பக்கம், இல்லாவிட்டால் பதினெட்டு வளைவு மலைப்பாதை.

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட காலம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஒரு பையனுக்கு 100 சைஸ் பிஸ்டனுக்குப் போர் பண்ணிக் கொடுத்தேன். நல்ல வேலை, இன்றைக்கும் அதில் குறை சொல்லமாட்டேன். மூன்று வாரம் கழித்து அவனுடைய தாய் பட்டறை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. வாகனம் எங்கே கிடக்கிறது என்று தெரியுமா, அதை விற்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமா என்று கேட்டார். பையன் பிழைத்தான், வலது கால் முட்டி மடங்காது. அதிலிருந்து எஞ்சினை வாங்கும் முன் இடத்தைக் கேட்பது என் வழக்கம். கேட்டு என்ன பயன்? சொல்வதற்கு அவர்களுக்கு ஓர் இடமும் கிடையாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கண்டி வேகத்துக்கு ஏற்ற ஊரல்ல. மெதுவாக நடக்கவேண்டியிருந்ததே இந்த ஊரின் கோட்டைச் சுவராக இருந்தது. நம் அரசர்கள் மலைப்பாதைகளை அகலப்படுத்த விடவில்லை. கணவாய்களில் முள்வாயில் வைத்தார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஒருவர் பின் ஒருவராகக் காட்டுக்குள் வரிசை கட்டி வந்து மாட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் ஊரைப் பிடித்தபின் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதி போட்டதுதான். இருந்தும் இன்றைக்குக் கொழும்பு பஸ்ஸில் ஏறினால் மூன்று நான்கு மணித்தியாலம். இந்த ஊரில் பிறந்த பையனுக்கு வேகத்தில் ஆசை வருவது ஆச்சரியமில்லை. பட்டினி கிடப்பவனுக்குத்தான் சோற்றில் கனவு வரும்.

எனக்கும் வந்தது. சந்தைப் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த அமெரிக்க மோட்டார் சஞ்சிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்த காலம் அது. அவற்றில் ஒன்றில்தான் மிக்கி தாம்சனைச் சந்தித்தேன். கலிபோர்னியாக்காரர், 1928இல் பிறந்தவர். இரவில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையின் அச்சு இயந்திரத்தில் வேலை, பகலில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை. எப்போது தூங்கினார் என்று எந்தச் சஞ்சிகையும் சொல்லவில்லை. அங்கே அந்தக் கூட்டத்துக்கு ஹாட் ராடர் என்று பெயர். பழைய ஃபோர்ட் உடம்பு ஒன்றை மலிவாக வாங்கி, தேவையில்லாத தகரத்தை வெட்டி எறிந்து, எஞ்சினைத் தன் கையால் பலப்படுத்தி, எவ்வளவு ஓடும் என்று பார்க்கிறவர்கள். காசுக்காரர்களின் பொழுதுபோக்கல்ல அது. கழிவு இரும்பில் பிறந்த கலை.

தாம்சன் நான்கு பொன்டியாக் கார் எஞ்சின்களை ஒரே உடம்புக்குள் வைத்தார். வண்டிக்கு சாலஞ்சர் என்று பெயரிட்டார். நான்கு எஞ்சின் என்று எழுதுவது சுலபம். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் மிதிக்கும்போதே ஒருவன் கால் மற்றவனுக்கு முந்திவிடுகிறது. நான்கு எஞ்சினும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுக்கவேண்டும், கியர் மாற்றினால் நான்குக்கும் சேர்ந்து மாறவேண்டும். லேத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்தத் தலைவலியின் கனம் புரியும். 1960 செப்டெம்பர் 9ஆம் திகதி, யூட்டா மாநிலத்தின் பொன்வில் உப்புச் சமவெளியில் அந்த வண்டி மணிக்கு 406.60 மைல் ஓடியது. கிலோமீட்டரில் சுமார் 654. நம் கண்டிக் குளத்தைச் சுற்றிவர நடந்தால் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். அந்த வேகத்தில் இருபது வினாடி போதும்.

ஆனால் சாதனைப் புத்தகத்தில் அந்த ஓட்டம் ஏறவில்லை.

தரை வேகச் சாதனைக்கு ஒரு விதி உண்டு. ஒரு திசையில் ஓடினால் மட்டும் போதாது. ஒரு மணித்தியாலத்துக்குள் வண்டியைத் திருப்பி, அதே தூரத்தை எதிர்த்திசையிலும் ஓடிக் காட்டவேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம், தரை ஒரு பக்கம் சரிந்திருக்கலாம் என்பதற்காக வைத்த விதி. தாம்சன் திரும்புகிற ஓட்டத்தில் வண்டியின் டிரைவ் ஷாப்ட் உடைந்துபோனது. ஜோன் கொப் என்ற ஆங்கிலேயர் 1947இல் வைத்துவிட்டுப் போன 394.196 மைல் அப்படியே நின்றது. மணிக்கு 400 மைலைத் தாண்டி ஓடிய முதல் அமெரிக்கர் என்ற பெயர் தாம்சனுக்குக் கிடைத்தது. சாதனை கிடைக்கவில்லை.

பத்தொன்பது வயதில் இதைப் படித்தபோது அநியாயம் என்று கொதித்தேன். இப்போது, அந்தத் தாய் வாசலில் வந்து நின்ற பிறகு, அந்த விதியை எழுதியவனை எனக்கு மிகவும் பிடிக்கிறது. போனால் மட்டும் போதாது, திரும்பி வா என்கிறான். பதினெட்டு வளைவில் இறங்குகிற நம் பையன்களிடம் இதைச் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் வேகத்தை அளப்பது பின்னால் வருகிற சிநேகிதனின் போன் வீடியோவில்.

தாம்சன் வாழ்க்கையில் எனக்கு உப்புச் சமவெளியை விடப் பெரிதாகப்படுவது இன்னொன்று. 1953இல் மெக்சிகோவில் நாடு முழுக்கப் பொதுவீதியில் ஓடிய ஒரு பந்தயத்தில் அவர் கார் தடம் விலகி மக்கள் கூட்டத்துக்குள் புகுந்தது. பார்க்க வந்தவர்கள் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1955இல், லாங் பீச் துறைமுகப் பக்கம் ஓர் ஓட்டப்பாதை திறக்கப்பட்டபோது அதன் முகாமையாளராக நின்றவர் அதே தாம்சன். கால் மைல் நேர்ப்பாதை, முடிவில் கடிகாரம், ஓரத்தில் தடுப்பு. வீதியில் ஓட்டுகிற பையன்களை வீதியிலிருந்து எடுக்கவேண்டும் என்பதற்காகவே அதைக் கட்டினார்கள். கட்ட முன்னின்றவர்கள் யார் தெரியுமா? அந்தப் பகுதி லயன்ஸ் கழகங்கள். அதனாலேயே அதற்கு லயன்ஸ் ஓட்டப்பாதை என்று பெயர்.

நம் லயன்ஸ் கழகங்களும் இருக்கின்றன. கண்சிகிச்சை முகாம் வைக்கிறார்கள், மூக்குக்கண்ணாடி கொடுக்கிறார்கள், என் மனைவிக்கே கிடைத்தது, வாழ்க. ஆனால் கண்டிப் பகுதியில் ஒரு கழகத்துத் தலைவராவது தன் வருடாந்தத் திட்டத்தில் இப்படி ஒன்றை எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாம்சன் காலத்துக்கு முன்பே கலிபோர்னியாப் பையன்கள் 1937இல் தங்களுக்கென்று ஒரு நேரமளக்கும் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பந்தயச் சங்கம் என்று பெயர் வைக்கவில்லை, கவனியுங்கள். வறண்ட ஏரிப்படுகைகளுக்கு வண்டியைக் கொண்டுபோய், கடிகாரத்துக்கு எதிராக ஓட்டினார்கள். 1949 முதல் பொன்வில் உப்புவெளியும் அவர்களுக்குக் கிடைத்தது. 1951இல் நாடு தழுவிய ஹாட் ராட் அமைப்பைத் தொடங்கிய வாலி பார்க்ஸ் ஒரு பத்திரிகை ஆசிரியர். இதை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன். நம் பத்திரிகைகளில் இந்தப் பையன்கள் வருவது இரண்டே இடத்தில். ஒன்று பொலிஸ் செய்தி, மற்றது மரண அறிவித்தல்.

உடனே தியத்தலாவையைச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டுப் பாய்ந்து பார்வையாளர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அன்று தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இதைத்தானே நீங்க வேணும் வேணும்னு சொல்றீங்க" என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் கேட்பது அதுவல்ல. பத்து வண்டி ஒன்றையொன்று முந்துகிற பந்தயம் எனக்கு வேண்டாம். பாதையோரத்தில் திருவிழாக் கூட்டம் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, ஒரு பையன், ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் தேயிலைக்கு நடுவே போகிற வீதியை மூடிவிட்டு, ஒவ்வொரு வண்டியாக மேலே விட்டு நேரம் பார்க்கிறார்கள். ஆசியாவிலேயே பழைய மலையேற்றங்களில் ஒன்று அது. எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் துரைமார் கார் ஏறுவதை வேடிக்கை பார்த்த கதை சொல்வார்கள். கூடை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கிற இடத்திலிருந்து ஓட்டுகிற இடத்துக்கு அவர்கள் வரும் வழிதான் இன்னும் திறக்கவில்லை. பந்தய உடுப்பு, கழக அங்கத்துவம், வாகனம் ஏற்றிப்போக லொறி என்று பட்டியல் போட்டால் ஒரு பெக்டரித் தொழிலாளியின் வருடச் சம்பளம் போய்விடும்.

இந்தச் செலவைக் குறைக்கவேண்டும் என்று நினைத்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். மில்காரக் குடும்பம், காசுக்குக் குறைவில்லை. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கிச் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என்ன செய்தார்? இந்தியச் சந்தையில் எங்கும் கிடைக்கிற மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, மற்ற இளைஞர்களும் வாங்கி ஓட்டக்கூடிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அந்தக் காரில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா வன் வரை போனார், இந்தியாவிலிருந்து முதல் ஆளாக. கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயர் இருக்கிறது. எங்கள் தோட்டங்களிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் கோவை, நீலகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே ஓடுபாதை இருக்கிறது. இங்கே தங்கிய எங்கள் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வளைவு.

கைவேலை இல்லாத ஊராக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டை ஓட வைத்தது யார்? என்னைப் போன்ற பட்டறைக்காரர்களும் இந்தப் பையன்களும்தான். புஷ் கிடைக்காவிட்டால் பித்தளையில் கடைந்தோம். வேறு மொடல் பிஸ்டனை வாங்கி, முடியைக் கடைந்து குறைத்து, பின் துளைக்குப் புஷ் அடித்துப் பொருத்தினோம். எழுபதுகளில் அப்பாவின் காலத்திலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் இதைச் செய்தவனுக்குப் பொறியியல் கம்பனி வைக்க வழி கிடைத்தது. இங்கே செய்தவனுக்குச் சைலன்சருக்குத் தண்டச் சீட்டு.

தண்டச் சீட்டு எழுதுகிற பொலிஸ்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. பஸ்சும் பாடசாலை வானும் ஓட்டோவும் நாயும் போகிற வீதியில் நூறில் போகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். பெரிய சத்தம் போட்டால் வண்டி வேகமாக ஓடும் என்று நம்புகிற மடையன்களையும் எனக்குத் தெரியும். தட்டைக் கழற்றினால் பாதிப் பேருக்கு இழுவை குறைகிறது, சத்தம்தான் கூடுகிறது. கடிகாரம் வைத்துக் காட்டினால் அவனே போய்த் தட்டைப் பூட்டுவான். பிடித்துக் கொடுப்பது பொலிஸ் வேலை. பிழையைக் காட்டிக் கொடுக்கக் கடிகாரம் வேண்டும்.

என் யோசனை சின்னது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு முதல் ஒன்பது வரை, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீதியில் 400 மீட்டரை மூடித் தாருங்கள். எங்களிடம் சமவெளி கிடையாது, ஏற்றம்தான் இருக்கிறது. ஏற்றம் நல்லது, வேகம் அதிகம் ஏறாது, கைவண்ணம் தெரியும், மேலே போய் நிற்கிற இடத்தில் வண்டி தானாகவே தளரும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிக்கதிர் வைத்து நேரம் அளக்கும் கருவியைப் பேராதனைப் பொறியியல் பீடத்து மாணவர்கள் ஒரு வார இறுதியில் செய்துவிடுவார்கள். பிரேக், டயர், செயின் மூன்றையும் பார்க்காமல் ஒரு வண்டியையும் விடக்கூடாது. அந்தப் பரிசோதனைக்கு நான் வருகிறேன், கூலி வேண்டாம். அம்புலன்ஸ் இல்லாத நாள் ஓட்டமும் இல்லை. சனம் வந்து நிற்க இடமே வைக்கவேண்டாம்.

கண்டியில் வீதி மூடுவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லக்கூடாது. எசல பெரஹராவுக்கு வருடா வருடம் நகரத்தையே மூடி, லட்சக்கணக்கான சனத்தை உட்கார வைத்து, யானைகளைத் தீவட்டிக்கு நடுவே நடத்திக் கூட்டிப் போகிற ஊர் இது. அந்த ஒழுங்கில் நூறில் ஒரு பங்கு போதும்.

சத்தம் ஒரு நியாயமான குறைதான். தாம்சன் நின்ற லயன்ஸ் ஓட்டப்பாதையையே 1972இல் அக்கம்பக்கத்தாரின் சத்த முறைப்பாடுகள்தான் மூட வைத்தன. ஆகவே தட்டு இல்லாத சைலன்சருக்கு அனுமதியில்லை என்று முதல் நாளே எழுதிவிடலாம். எரிபொருளா? 2022இல் வரிசையில் மூன்று நாள் படுத்தவன் நான், எனக்குச் சொல்லித் தரவேண்டாம். 400 மீட்டர் ஏறுவதற்கு ஆகிற பெற்றோல், திகன வரை போய்வருவதில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

தாம்சனின் மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1968இல் இரண்டு ஃபோர்ட் எஞ்சின்களோடு இன்னொரு வண்டி கட்டினார், சாலஞ்சர் 2. மழை பெய்து உப்புவெளி குளமானது. பணம் கொடுத்த கம்பனியும் கையை விரித்தது. வண்டி இருபது வருடம் கொட்டகையில் கிடந்தது. அதை மறுபடி எடுக்கலாம் என்று மகனோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், 1988 மார்ச்சில், அவரும் மனைவியும் தங்கள் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மகன் டேனி பல வருடம் அந்த வண்டியின் பக்கம் போகவில்லை. பிறகு எடுத்தார். அப்பாவின் அதே உடம்பு, புது எஞ்சின்கள். 2018 ஓகஸ்டில் பொன்வில்லில், வேறொரு விதிப்படி, ஒரு நாள் ஒரு ஓட்டம், மறுநாள் இன்னொன்று. சராசரி மணிக்கு 448.757 மைல். பிஸ்டன் எஞ்சினால் சக்கரத்தைச் சுழற்றி ஓடும் வண்டிகளில் அதுவரை அந்தச் சராசரியை எதுவும் எட்டியதில்லை. ஐம்பது வருடம் கழித்து அந்த வண்டி இரண்டாவது ஓட்டத்தையும் முடித்தது.

அந்தப் பையனின் ஹெட் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, அதே பத்திரிகைத் தாளில். எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் தெரியாமல் போய்விட்டது. நேற்றும் போன் எடுத்தான்.

"மாமா, முடிஞ்சுதா?"

"அரை நாள் வேலை தம்பி. இடம்தான் இன்னும் கிடைக்கல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான். "அப்ப, இடம் கிடைச்சா ஹெட்ட மட்டும் பண்ணுவீங்களா, சிலிண்டரையும் போர் பண்ணுவீங்களா?"